இரத்தக்குழாயில் ஒரு கொலை

"கொலை...! என் செல்லையெல்லாம் கொன்னுட்டாங்க...!"

பேராசிரியர் றெஜினோல்ட் போட்ட அலறலில், கண்டி ஹந்தானை மலைச்சரிவிலிருந்த அந்தத் தனியார் ஆய்வுக்கூடமே அதிர்ந்தது.

டொக்டர் ஷஹ்மா ஓடி வந்தாள். அவருக்குக் கீழே வேலை செய்யும் ஆராய்ச்சியாளர். கலகெதர பஸ்ஸில் நசுங்கி வந்து இறங்கியவளுக்கு, ஹிஜாபைச் சரிசெய்யக்கூட நேரமில்லை.

உள்ளே குளோரின் நெடி... மூக்கைத் துளைத்தது!

பேராசிரியர் அதற்குள் தொலைபேசியில் கத்திக்கொண்டிருந்தார்.

"பொலிஸா? கூண்டோட கொலை! லட்சக்கணக்குல செத்துப்போச்சு! உடனே வாங்க!"

லட்சக்கணக்கு என்றால் எந்தப் பொலிஸ்தான் வராது?

ஜீப் பறந்து வந்தது. குதித்து இறங்கினார் சப்-இன்ஸ்பெக்டர் டக்ளஸ். பன்வில தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். மீசையும் நீளம்... வாயும் நீளம்!

"பொணம் எங்கங்க?"

பேராசிரியர் ஒரு பெட்டியைக் காட்டினார். செல்களை உடம்புச் சூட்டில் வைத்து வளர்க்கும் பெட்டி.

"இதுக்குள்ளயா? துண்டு துண்டா வெட்டிட்டாங்களா?"

"போத்தலைப் பாருங்க, இன்ஸ்பெக்டர்!"

டக்ளஸ் குனிந்து பார்த்தார். மூக்கைச் சுருக்கினார்.

"வெறும் தண்ணிதானங்க இருக்கு?"

"இரத்தக்குழாய் செல்! கண்ணுக்குத் தெரியாது!"

"கண்ணுக்குத் தெரியாத பொணமா...? போஸ்ட்மோர்ட்டம் பண்ற டொக்டர் என்னை அடிப்பாருங்க!"

ஷஹ்மாதான் விளக்கினாள்.

"ஸேர், கெரட்டின்னு ஒண்டு ஈக்கிது. தோல், முடி, நகமெல்லாம் அதாலதான் உறுதியா ஈக்கிற. இரத்தக்குழாய் செல்லுல அந்த ஜீன் சும்மா தூங்கிட்டுத்தான் ஈக்கும். புரொபெசர் அதை எழுப்பிட்டாராம். இனி குழாயெல்லாம் நகம் மாதிரி உறுதியாகுமாம்..."

"உலகமே வியந்த கண்டுபிடிப்பு!" என்றார் பேராசிரியர்.

உலகம் வியந்ததோ இல்லையோ, கண்டி வியந்துவிட்டது. நாளைக்குப் பாராட்டு விழா. 'கெரட்டின் சிங்கமே வருக!' என்று நகரமெங்கும் பதாகை. அடுத்த வாரம், நோயாளிகளுக்கு அவருடைய ஊசி.

அந்த நோயாளிகளில் ஒருவர் லாபிர். கலகெதரயில் பலசரக்குக் கடை. கால் இரத்தக்குழாயில் அடைப்பு.

ஷஹ்மாவின் வாப்பா!

"கொலைகாரி இவதான், இன்ஸ்பெக்டர்!" என்று பேராசிரியர் ஷஹ்மாவைக் காட்டினார்.

ஷஹ்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"நேத்து என்னோட சண்டை பிடிச்சா. செல்லை வெளியில அனுப்பிச் சோதிக்கணுமாம்! உண்மையிலேயே இரத்தக்குழாய் செல்தானான்னு பார்க்கணுமாம்! பொறாமை... முழுக்கப் பொறாமை! இந்த அறைச் சாவி என்கிட்டயும் இவகிட்டயும்தான் இருக்கு!"

டக்ளஸின் பார்வை அவள் மீது திரும்பியது.

"என்னம்மா... நீங்க என்ன சொல்றீங்க?"

இன்றைக்கு அவளை உள்ளே போட்டால்... நாளைக்கு விழா. அடுத்த வாரம் வாப்பாவின் உடம்பில் ஊசி. தடுக்க யார் இருக்கிறார்கள்?

யோசித்தாள்.

சோதிக்க வேண்டும் என்று கேட்டவள் நான். நான் எதற்குக் கொல்ல வேண்டும்? சோதித்தால் யாருக்கு ஆபத்து?

பேராசிரியரின் முகத்தைப் பார்த்தாள். இத்தனை அலறலுக்கும் கண்ணில் ஒரு சொட்டு ஈரம் இல்லை!

"ஸேர்..." என்றாள் டக்ளஸிடம். குரல் நடுங்கியது. "எல்லாம் மௌத்தாகல்ல. கொஞ்சம் எடுத்து உறைய வெச்சேன். அந்த நைட்ரஜன் தொட்டியில, மேல் தட்டுல ஒரு குழாய் ஈக்கிது. சூடாக்கினா உசிர் வந்துரும்."



கண்டிக் குளிரில்... பேராசிரியரின் நெற்றியில் முத்து முத்தாக வியர்வை!

"அ... அப்படியா? நல்லது... ரொம்ப நல்லது. நானே எடுக்கிறேன்!"

கையுறையை மாட்டினார். மூடியைத் திறந்தார். வெள்ளைப் புகை குபுகுபுவென்று கிளம்பியது. குழாயை எடுத்தார்...

"ஐயோ!"

குழாய் தரையில் விழுந்தது. அதன் மேலேயே அவரது சப்பாத்து!

நறுக்... நறுக்...!

"அடடா... கை வழுக்கிடுச்சு..."

"கை வழுக்குனது சரிங்க," என்றார் டக்ளஸ் நிதானமாக. "கால் எதுக்குத் திரும்பத் திரும்ப மிதிச்சிச்சு?"

பேராசிரியர் சப்பாத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"எங்க தோட்டத்துல மண்சரிவு வந்தப்ப, ஒரு புள்ள உசிரோட இருக்குன்னதும் அப்பன்காரன் வெறுங்கையால மண்ணைத் தோண்டுனான். உங்களுக்கு என்னடான்னா வேர்க்குது!"

பேராசிரியரின் முகம் மாறியது. இதழில் ஓர் ஏளனம்.

"சரி, குளோரின் ஊத்தினதும் நான்தான், மிதிச்சதும் நான்தான்! கடைசிக் குழாயும் போச்சு. இனி யாரால என்ன நிரூபிக்க முடியும்?"

"அது கடைசி இல்ல, புரொபெசர்..."

ஷஹ்மாவின் குரலில் இப்போது நடுக்கம் இல்லை.

"நீங்க மிதிச்சது எலிட செல். உங்கட செல் கீழ்த்தட்டுல பத்திரமா ஈக்கிது!"

பேராசிரியர் கதிரையில் பொத்தென்று விழுந்தார்.



"தோல் செல்... அது வெறும் தோல் செல்தான்! மொதல்ல தெரியாமத்தான் போத்தல் மாறிடுச்சு. தோல்ல கெரட்டின் இல்லாம வேற என்ன இருக்கும்? தெரிய வந்தப்போ... பேப்பர்ல என் போட்டோ வந்திருச்சு. அதுக்கப்புறம் எப்படிம்மா வாயைத் திறக்கிறது?"

"அதுக்காக என்ட வாப்பாக்கு ஊசி போடுவீங்களா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"செல்லைக் கொன்னதுக்குச் சட்டம் இருக்கான்னு எனக்குத் தெரியாதுங்க," என்றார் டக்ளஸ். "நோயாளிங்கள ஏமாத்துனதுக்கு இருக்கு. எந்திரிங்க!"

ஷஹ்மா தொலைபேசியை எடுத்தாள்.

"வாப்பா... அந்த ஊசி வாணாம்."

"ஏன் மகள்? பெரிய புரொபெசர் சொன்னாரே?"

"பெரிய புரொபெசர் இப்ப ஜீப்புல ஏறப் போறார் வாப்பா."

சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்தாள். அப்போதுதான் கண்ணில் நீர் முட்டியது. அதை அவள் துடைக்கவில்லை.

வாசலில் பேராசிரியர் திடீரென்று நின்றார். டக்ளஸின் காதருகே குனிந்தார்.

"இன்ஸ்பெக்டர்... நாளைக்கு விழாவுக்கு மட்டும் போயிட்டு வந்துரட்டுமா? பொன்னாடை வாங்கியாச்சாம்... பாவம், வீணாப் போயிரும்!"

டக்ளஸ் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஜீப்பின் கதவைத் திறந்துவிட்டபடி சொன்னார்:

"ஸேர், உங்க கண்டுபிடிப்பை இப்ப நான் நம்புறேன். சில பேருக்குத் தோலு... இரத்தக்குழாய் வரைக்கும் தடிச்சுதான் போயிருக்கு!"