மஞ்சள் வாளி இருந்த கோட்டை

கோட்டைக் கிணற்றடியில் ஒரு மஞ்சள் வாளி இருந்தது. படை திரட்டி நாடு பிடிக்கிற அந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டை நில அளவை ஆபீஸில் வரைபடம் போடுகிற வரைபடக்காரர் மூன்று வருஷமாக ஆடுகிறார். அதில் வாளி என்று ஒன்றைக் கண்டதே இல்லை. கைப்பிடி உடைந்து, கம்பி கட்டிய வாளி. அவர் வீட்டுக் குளியலறையிலும் அப்படி ஒன்று கிடக்கிறது.

சற்று முன்புதான் ஒரு மோட் போட்டிருந்தார். விளையாட்டை மாற்றியமைக்க, முகம் தெரியாத யாரோ எழுதி இணையத்தில் விட்டிருந்த கோப்பு. கூடவே ஒரு குறிப்பு: 'புதிய ஆட்டத்தில் மட்டும் போடவும். பழைய ஆட்டத்தைத் திறக்க வேண்டாம்.' நாற்பது நாள் மெனக்கெட்டுப் பிடித்த ராஜ்ஜியத்தை விட மனசு வருமா? பாவம், பழையதையே திறந்துவிட்டார்.

மழை மூட்டத்தில் மாலை நான்கு மணிக்கே அறை இருண்டு கிடந்தது. ஓதம் ஏறிய சுவரின் வாடையும், சூடேறிய கம்ப்யூட்டர் பெட்டியின் பிளாஸ்டிக் நெடியும், பக்கத்து அறையில் ஆறு வயது மகள் நடக்கும்போதெல்லாம் கீச்சிடுகிற அவள் செருப்பின் சத்தமும் ஒன்றாகக் கலந்து வந்தன. நர்ஸ் வேலைக்குக் கிளம்பும்போதே மனைவி சொல்லிவிட்டுத்தான் போனாள்: "வாண்டைப் பார்த்துக்கோங்க. அந்தப் பொட்டியைக் கட்டிக்கிட்டு அழாதீங்க."

திரையில் அவருடைய நீலப் படையைக் காணோம். இரண்டே நீல உருவங்கள். ஒன்று உட்கார்ந்திருந்தது. இன்னொன்று பொடிசு. சுற்றிலும் கன்னங்கரேலென்று, யாரும் இன்னும் போய்ப் பார்க்காத இருட்டு. அதற்குள் என்ன இருக்கிறதென்று அறிய, இருப்பதிலேயே சின்ன ஆளை முன்னால் அனுப்புவது ஆடுகிறவர்கள் வழக்கம். செத்தாலும் நஷ்டமில்லை என்றுதான். பழகிய கை. பொடிசைச் சொடுக்கி, இருட்டைச் சொடுக்கினார்.

கீச். கீச். மகள் அறைவாசலில் வந்து நின்றாள்.

"போயிட்டு வரேன்ப்பா."

"எங்கடா செல்லம்?"

"நீதானே நடையோட கடைசிக்குப் போகச் சொன்னே. மறந்துட்டியா, மக்கு ராஜா?"

சிரிக்கப் பார்த்தார். வாளி. குளியலறை. அதைத் தாண்டி இருட்டுக்குள் நீளும் நடைவழி. கோட்டை மதில்களெல்லாம் அவர் வீட்டுச் சுவர்கள். அளவு ஒரு விரற்கடைகூடப் பிசகவில்லை.

எழப் போனார். கால் அசையவில்லை. திரையில், உட்கார்ந்திருந்த உருவத்தின் மேல் எழுத்துகள்: 'அரசர். நகர முடியாது.'

"வாண்டு! நில்லு! போகாதேடா!"

கீச். கீச். நடையில் தேய்ந்தது. நின்றது.

விரல் மட்டும் அசைந்தது. திரும்பி வர உத்தரவிட்டார். விளையாட்டு ஏற்கவில்லை, இந்தச் சுற்றில் அவள் நகர்வு முடிந்துவிட்டது. மிச்சம் ஒரே பொத்தான்: 'அடுத்த சுற்று.' அழுத்தினால் அவளைத் திரும்ப அழைக்கலாம். ஆனால் அதற்கு முன் எதிரி நகரும். அழுத்தாவிட்டால், அவள் அங்கேயே.

அழுத்தினார்.

வீடே மூச்சை உள்ளிழுத்த மாதிரி இருந்தது. பிறகு கீச். கீச். நெருங்கி வந்தது.

"வந்துட்டியா, தங்கம்?"

செருப்புச் சத்தம் நாற்காலிக்குப் பின்னால் நின்றது. ஈரமான சின்னக் கை ஒன்று அவர் தோளில் ஏறியது.

"உன் முறை, மக்கு ராஜா."

திரையில், அரசருக்குப் பின்னால் ஒரு பொடிசு. கறுப்பு, எதிரியின் நிறம். தூரத்தில், இருட்டின் நடுவே, நீலப் பொடிசு இன்னும் நின்றுகொண்டிருந்தது. வெறுங்காலோடு. இரண்டு கைகளையும் அவர் பக்கம் நீட்டியபடி.