சதாசிவம் விட்டுச்சென்ற குரல்

கணினி பழுதுபார்க்கும் ரூபேந்திரன் பண்டார் தெங்காரா ஊரை அடைந்தபோது பிற்பகல் மழை பிடித்துக்கொண்டது. செம்பனைக் காட்டை ஒட்டிய வரிசையில் கடைசி வீடு. கதவு திறந்தே கிடந்தது. கூடத்தில் சதாசிவத்தின் படம். அதன்முன் எரியும் காமாட்சி விளக்கு. ஒரு குவளைத் தண்ணீர். பதினாறாம் நாள் காரியம் இன்னும் ஆகவில்லை.

சதாசிவம் செம்பனை எண்ணெய் ஆலையின் கணினிப் பிரிவில் வேலை பார்த்தவர். வட்டாரத்துக் கோயில் திருவிழா எதுவானாலும் ஒலிவாங்கி அவர் கைக்குத்தான் போகும். அப்படிப்பட்டவருக்குத் தொண்டையில் புற்று வந்தது. குரல்வளையை எடுத்துவிட்டு, மூச்சுவிடக் கழுத்தில் துளையிட்டார்கள். அறுவைச் சிகிச்சைக்கு முன்பே அவர் தம் குரலைப் பதிவுசெய்து, வீட்டுக் கணினியில் தாமே அமைத்த மெய்நிகர் சர்வர் ஒன்றில் சேமித்திருந்தார். வேறெங்கும் நகல் இல்லை. அவர் போனபின் அந்தச் சர்வர் கிளம்ப மறுக்கிறது.

"ஒரே ஒரு தடவ கேட்டாப் போதும் தம்பி," என்றார் அவர் மனைவி தனலெட்சுமி. "கடைசியில வெறும் மூச்சுச் சத்தந்தான். அவரு எப்படிப் பேசுவாருன்னே எனக்கு மறந்து போச்சு."

"கவலப்படாதீங்க ஆண்ட்டி. சின்ன வேலதான் லா."

சின்ன வேலையாம்! எதைச் சொல்கிறோம், எங்கே நின்று சொல்கிறோம் என்று எண்ணிப் பேசும் வழக்கம் இந்தத் தலைமுறைக்கு ஏது?

பின்னறையில் ஈரப் பஞ்சும் மருந்தும் கலந்த ஆசுபத்திரி வாடை இன்னும் அகலவில்லை. ஒரே வீட்டில் பல குடித்தனங்களைப்போல அந்த ஒரு கணினிக்குள் பல சர்வர்கள். வாசல் கேமராவுக்கானது ஓடிக்கொண்டிருந்தது, மற்றவையும் நலம். குரல் இருந்த சர்வர் மட்டும் ஒவ்வொரு முறையும் கறுத்த திரையில் நின்றது. கிளம்புவதற்கான சேமிப்பு வட்டே இல்லை என்றது.

வட்டு இருந்தது. அமைப்புகளைச் சரிபார்த்தான், எல்லாம் முறையாகவே இருந்தன. நினைவகத்தைக் கூட்டிக் கொடுத்தான். மறுபடியும் கறுப்புத் திரை. கடைசியில் அந்த வட்டைக் கழற்றி, நன்றாக ஓடும் கேமரா சர்வரோடு இணைத்துத் திறந்தான். பதிவுகள் அனைத்தும் பத்திரமாக இருந்தன. மகிழ்ச்சியோடு ஒன்றை இயக்கினான்.

ஸ்ஸ்ஸ்…

இன்னொன்றை இயக்கினான்.

ஸ்ஸ்ஸ்…

அறை வாசலில் நின்றிருந்த தனலெட்சுமி சுவரைப் பற்றிக்கொண்டார்.

"ஆண்ட்டி, இதெல்லாம் ஆப்பரேஷனுக்கு முன்னாடி எடுத்ததுதானே?"

"ஆமா தம்பி. பக்கத்துல நான்தான் இருந்தேன். நல்லாப் பேசுனாரு."

கேமரா சர்வர் நின்றது. அடுத்து, அதன் பக்கத்துச் சர்வர். தொற்றுநோய் பரவுவதுபோல ஒவ்வொன்றாக எல்லாம் கறுத்தன. ரூபேந்திரன் பாய்ந்து கணினியின் மின்கம்பியைப் பிடுங்கினான். விசிறி நின்றது.

மூச்சுச் சத்தம் நிற்கவில்லை.

அது இப்போது கணினியிலிருந்து வரவில்லை.

அவன் பிடரிக்குப் பின்னாலிருந்து வந்தது.

திரும்பிப் பார்க்கும் துணிவு அவனுக்கு இல்லை. கைக்கு அகப்பட்டதையெல்லாம் பையில் திணித்துக்கொண்டு கூடத்தைக் கடந்தான். காலணியை மாட்டியபடியே, பழக்க தோஷத்தில் அந்தச் சொல்லை விட்டுவிட்டான்:

"வரேன் ஆண்ட்டி."

சாவு வீட்டில் எவரும் அப்படி விடைபெறுவதில்லை. ஒன்றும் சொல்லாமல் எழுந்து போவதே முறை. பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த இந்த முறை, பட்டம் படித்தவனுக்கு மறந்துபோயிற்று.

தனலெட்சுமியின் முகம் வெளிறியது. "ஐயோ… என்ன தம்பி இப்படிச் சொல்லிட்டீங்க?" என்று கிசுகிசுத்தார்.

காற்றே இல்லாத கூடத்தில், விளக்கின் சுடர் அவன் பக்கமாகச் சாய்ந்தது.

வண்டியில் திரும்பும் வழியில், கூலாய் சாலையில் மழை கண்ணை மறைத்தது. கைப்பேசி ஒலித்தது. தனலெட்சுமிதான்.

"தம்பி! சர்வர் தானா ஆன் ஆயிருச்சு!"

ரூபேந்திரனின் பார்வை பக்கத்து இருக்கைக்குப் போனது. அவசரத்தில் திணித்த, அந்தக் கணினியின் மின்கம்பி, பையின் வாயிலிருந்து வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

"குரல் கேக்குது தம்பி. ஆனா… அவரு குரல் இல்ல. உங்க குரலு. வரேன் ஆண்ட்டி, வரேன் ஆண்ட்டின்னு சொல்லிக்கிட்டே இருக்கு. நிக்கவே மாட்டேங்குது."

வண்டியைச் சாலையோரம் நிறுத்தினான். செம்பனைகள் இருபுறமும் கரிய சுவர்களாக நின்றன. ஆசுபத்திரி வாடை வண்டிக்குள் நிறைந்திருந்தது.

"தம்பி? ஏதாச்சும் பேசுங்க தம்பி."

பேச வாய் திறந்தான். நாக்கு அசைந்தது, உதடு அசைந்தது.

ஸ்ஸ்ஸ்…

மறுமுனையில், கணவனிடம் மட்டுமே பேசும் தாழ்ந்த குரலில் தனலெட்சுமி கேட்டார்:

"என்னங்க… நீங்களா?"