கொடியோடு நின்ற வண்டி

அக்டோபர் மாதச் சனிக்கிழமை, மதியம் இரண்டு மணி. ஷட்டில் வேன் டேலையும் மகள் டெஸ்ஸாவையும் ஏரியின் வடகோடியில் இறக்கிவிட்டுப் போனது. டேல் சைக்கிளுக்குப் பின்னால் பிள்ளை வண்டியை மாட்டினான். இரண்டு குழந்தைகள் உட்காரலாம். மேலே கூடாரத் துணி, பின்னால் நீளக் கம்பியில் ஆரஞ்சுக் கொடி. ஐந்து வயது டெஸ்ஸா நடுவில் மகாராணியாக உட்கார்ந்துகொண்டாள்.

தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டு ஜல்லிப்பொடி போட்டு நிரவிய பாதை அது. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் ஏரி, ஊர்வரை பதினெட்டு மைல், ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. குழந்தை குட்டியோடு வருகிறவர்களுக்கு அதைவிடச் சாதுவான பாதை அந்த மலைநாட்டில் கிடையாது.

ஆனாலும் டேலுக்கு அது சாதாரண சவாரி இல்லை. நீதிமன்றம் அவனுக்கு அளந்துகொடுத்தது மாதத்தில் ஒரே ஒரு சனிக்கிழமை. இன்று ஒழுங்காக நடந்தால் இனி இரண்டு. சொதப்பினால் இருக்கிறதும் போச்சு. பிரிந்துபோன மனைவி கோரின் பதினொரு விதிகள் எழுதி அனுப்பியிருந்தாள். ஹெல்மெட், தண்ணீர், கம்பளிச் சட்டை. நான்காவது விதி: கொடி எந்நேரமும் நிமிர்ந்தே இருக்க வேண்டும், வழியில் போட்டோ அனுப்ப வேண்டும்.

அந்த நான்காவதுதான் இடித்தது.

ஒன்பதாம் மைலில் ஒரு பழைய நிறுத்தம் இருக்கிறது. பலகைக் கொட்டகை, உடைந்த நடைமேடை, அவ்வளவுதான். அந்தக் காலத்தில் அங்கே கொடி காட்டினால்தான் ரயில் நிற்கும். ஒரு பனிக்காலத்தில் காய்ச்சல்காரக் குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒரு தாய் கொடி காட்டினாள். கொட்டும் பனியில் யாரும் பார்க்கவில்லை, ரயில் போய்விட்டது. மறுநாள் வந்த ரயில் நின்றபோது ஏற்றிக்கொள்ள உயிரோடு யாருமில்லை. அதிலிருந்து, கொடியும் தெரிந்து வண்டியும் அங்கே நின்றால் அந்தத் தாயும் குழந்தையும் ஏறிக்கொள்வார்கள் என்று ஏரிக்கரையில் ஒரு பேச்சு. உள்ளூர்க்காரர்கள் அந்த இடம் வருமுன்பே பிள்ளை வண்டியின் கொடியைச் சாய்த்துவிட்டு நிற்காமல் போய்விடுவார்கள். பயந்தென்று இல்லை, பழக்கம். கடந்ததும் நிமிர்த்திக்கொள்வார்கள்.

டேலும் உள்ளூர்க்காரன்தான். கொட்டகை கண்ணில் பட்டதும் இறங்கிக் கொடியைச் சாய்க்கத்தான் அவனுக்கு முதலில் தோன்றியது.

பையில் போன் அதிர்ந்தது. கோரின். 'போட்டோ எங்கே?'

அந்தப் பாதையில் சிக்னல் கிடைக்கிற இடமும் அது ஒன்றுதான். டேல் நிறுத்தினான். கொடி நிமிர்ந்து நிற்க, மகள் பல்லைக் காட்ட, ஒரு படம். அனுப்பிவிட்டுக் கிளம்பினான். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

கிளம்பும்போது பெடல் கனத்தது.

சமதளம்தான். எதிர்க்காற்றும் இல்லை. ஆனால் தொடை நோகிறது, மூச்சு வாங்குகிறது. டயரில் காற்று இறங்கியிருக்கும் என்று சொல்லிக்கொண்டு அரை மைல் மிதித்தான். சூரியன் மலைக்குப் பின்னால் போய்விட, ஏரி கறுத்தது. பின்னாலிருந்து ஒரு வாசனை வந்தது. நனைந்த கம்பளி. அதோடு மார்புக்குத் தேய்க்கிற கற்பூரத் தைலம்.

இறங்கிப் பார்த்தான். இரண்டு டயரும் கல் மாதிரி இருந்தன.

துணியைத் தூக்கினான். டெஸ்ஸா நடுவில் இல்லை. இடது ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள்.

"ஏன் கண்ணு ஓரத்துக்குப் போயிட்ட?"

"அவளுக்கு இடம் வேணும்ல."

"யாருக்கு?"

"அவங்க அம்மா ஏத்திவிட்டாங்களே, நீ பாக்கலயா? அவங்க வரலியாம்."

வலப்பக்கத்து மெத்தை அழுந்தியிருந்தது. அவன் பார்க்கும்போதே இன்னும் கொஞ்சம் அழுந்தியது.

டேல் மகளைத் தூக்கப் போனான். அவள் வீறிட்டாள். "இழுக்காதப்பா. அவ என் கைய விட மாட்டேங்கிறா." குழந்தையின் மணிக்கட்டில் நான்கு சின்ன விரல்கள் பதிந்து, அந்த இடம் வெளுத்திருந்தது. இன்னும் இழுத்தால் மகளின் கைதான் ஒடியும் என்று அவனுக்குப் புரிந்தது. விட்டான்.

சைக்கிளை வந்த வழியே திருப்பினான். நிறுத்தத்திலேயே இறக்கிவிடலாம் என்று நினைத்தான். சக்கரம் ஒரு அடி நகரவில்லை. நின்று மிதித்தான், இறங்கித் தள்ளினான், கெட்ட வார்த்தையில் திட்டினான், பிறகு கெஞ்சினான். அசையவில்லை.

ஊர்ப்பக்கம் திருப்பினான். உருண்டது.

பாதையில் வரும் பழைய ரயில் சுரங்கத்தின் வாசலில் ஐரிஸ் சருகு கூட்டிக்கொண்டிருந்தாள். பாதையைப் பராமரிக்கும் சங்கத்துக்காரி, டேலின் தெருதான். "என்னடா, ஐஸ்கிரீம் கடைக்கு அவ்வளவு அவசரமா?" என்று தொடங்கியவள் வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். துடைப்பத்தை மெல்லச் சுவரில் சாய்த்தாள்.

"கொடியோட நின்னியா?"

"ஒரே ஒரு போட்டோங்க. கோரின் கேட்டா."

ஐரிஸ் குனிந்து டெஸ்ஸாவிடம் கிசுகிசுத்தாள். "அவ எங்க போகணுமாம், செல்லம்?"

"ஆஸ்பத்திரிக்காம்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டேல் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே அந்த ஆஸ்பத்திரியை இடித்துவிட்டார்கள். இப்போது அந்த இடம், பாதை முடிகிற கார் நிறுத்துமிடம்; கோரின் காத்திருப்பதும் அங்கேதான்.

"அப்போ எங்க இறங்குவா?" என்றான் டேல்.

"எனக்குத் தெரியலையேடா."

"ஏதாவது செய்யுங்க ஐரிஸ்."

"நான் என்னத்தடா செய்வேன்?" அவள் வண்டியிலிருந்து ஓரடி விலகினாள். "எனக்குத் தெரிஞ்சு யாரும் அங்க கொடியோட நின்னதில்ல."

மீதிப் பாதையை எப்படிக் கடந்தான் என்று அவனுக்கே நினைவில்லை. சுரங்கத்தின் இருட்டில் பின்னால் ஒரு இருமல் கேட்டது. டெஸ்ஸாவின் இருமல் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

அது டெஸ்ஸாவுடையது இல்லை.

கார் நிறுத்துமிடத்துத் தார்த்தரையில் சக்கரம் ஏறியதும் வண்டி சட்டென்று லேசானது. அவன் கால் தடுமாறியது. குதித்துப்போய்த் துணியைத் தூக்கினான். டெஸ்ஸா தானாகவே கையை நீட்டினாள்; தூக்கியதும் வந்துவிட்டாள். மணிக்கட்டில் அடையாளம்கூட இல்லை. மெத்தை உப்பலாக, வெறுமையாக இருந்தது. டேல் மகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வெட்கமில்லாமல் அழுதான்.

"அரை மணி லேட்டு," என்றாள் கோரின், காரில் சாய்ந்தபடி. அவன் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் இளகினாள். "போட்டோ வந்துச்சு. கொடியெல்லாம் சரியா இருந்துச்சு. இனிமே மாசம் ரெண்டு நாளாக்கலாம்னு வக்கீல்கிட்ட சொல்றேன்."

அதைக் கேட்கத்தான் அவன் இத்தனை மாதம் காத்திருந்தான்.

கோரின் டெஸ்ஸாவைப் பின்சீட்டில் வைத்துக் கதவைச் சாத்தினாள். முன்னால் ஏறி, சாவியைத் திருகினாள்.

டிங். டிங். டிங்.

"என்ன இது?" திரும்பிப் பார்த்தாள். "பெல்ட் போடலன்னு கத்துது. அந்த சீட்ல ஏதாவது வச்சியா, டேல்?"

மகளுக்குப் பக்கத்துச் சீட்டு காலியாக இருந்தது. விரலளவு திறந்திருந்த ஜன்னல் வழியாக அவனுக்குக் கற்பூரத் தைலம் மணத்தது.

"கோரின்," என்றான். "இன்னிக்கு ஒரு ராத்திரி அவ என்கூட இருக்கட்டும்."

"ஏன்?"

என்ன சொல்வான்? வாயைத் திறந்தால் அடுத்த திங்கட்கிழமை அது வக்கீல் மேசையில் இருக்கும். திறக்காவிட்டால், கார் கிளம்பிவிடும். இரண்டில் எதைச் செய்தாலும் மகளை இழந்துவிடுவான் என்று தோன்றியது. அப்படியும் சொன்னான். "கார்ல இன்னொரு குழந்தை இருக்கு."

கோரின் அவனைப் பார்த்தாள். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில்.

"மறுபடியும் குடிக்க ஆரம்பிச்சுட்டியா?" என்றாள் மெதுவாக. கதவுப் பூட்டுகள் ஒருசேர விழுந்தன.

அவள் பின்னால் எக்கி, காலிச் சீட்டின் பெல்ட்டை இழுத்து மாட்டினாள். சத்தம் நின்றது. டேல் கைப்பிடியை இழுத்துக்கொண்டே இருந்தான்.

உள்ளேயிருந்து டெஸ்ஸாவின் குரல் தெளிவாகக் கேட்டது.

"அம்மா, கொஞ்சம் தளர்த்திவிடும்மா. அவளுக்கு இறுக்குதாம்."