மின்சாரம் போனால் வரும் ஜெபமாலை

மாலை ஆறு பத்து. பேஸ்பால் இறுதி ஆட்டத்தின் கடைசிச் சுற்று. ஃபுல்ஹென்சியோவின் கூடத்தில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பந்து எறிபவர் கையை ஓங்கினார்.

திரையில் மாதா வந்து நின்றாள். "அருள் நிறைந்த மரியே வாழ்க..."

ஜன்னலுக்கு வெளியே யாரோ "ஆமென்" என்றார்கள்.

"கிண்டலா பண்றீங்க?" என்று கத்தினார் ஃபுல்ஹென்சியோ. ஆட்டத்தைத் திரும்பப் பிடிப்பதற்குள் சந்து முழுக்க ஆரவாரம் கிளம்பிவிட்டது. ஊர் அணி வென்றுவிட்டது. அந்த அடியை அவர் பார்க்கவில்லை. இந்த வாரம் இது மூன்றாவது முறை.

"எவனோ நம்ம வைஃபைக்குள்ள பூந்திருக்கான்." அவர் பார்வை பின்னறைக் குடித்தனக்காரன் வில்னர் மேல் விழுந்தது. எல்லை தாண்டி ஹெய்ட்டியிலிருந்து வந்தவன். "பாஸ்வேர்டை வித்தது நீதானே? நாளைக்கே ரூமைக் காலி பண்ணு."

"நான் யாருக்கும் குடுக்கல, தோன் ஃபுல்ஹென்சியோ," என்றான் அவன் மரியாதை குறையாமல்.

வில்னர் சட்டைகளை மடிக்கப் போனான். அடுத்த மாதம் மனைவியும் கைக்குழந்தையும் வரவேண்டிய அறை அது.

ஃபுல்ஹென்சியோவின் தங்கை நெரேய்தாவுக்கு அது பொறுக்கவில்லை. முனையில் அழகு நிலையம் வைத்திருப்பவள். ட்ரையர் நின்றுபோனதால், தலையில் சுருளிகளோடு ஒரு வாடிக்கையாளரை உட்கார வைத்துவிட்டு ஆட்டம் பார்க்க வந்திருந்தாள்.

"செல்லைக் குடுண்ணே. யார் யார் சேர்ந்திருக்காங்கன்னு பாத்துடலாம்."

பட்டியல் விரிந்தது. அண்ணன், அண்ணி, வில்னர் மூவரின் போன்கள், கூடத்து டிவி. அதன் கீழே ஊர்பேர் தெரியாத ஒரு போன். அதற்கும் கீழே, மங்கிய எழுத்தில் இன்னொரு டிவி: ஐந்தே முக்காலுக்கு விலகியது.

"அஞ்சே முக்காலுக்கு என்ன நடந்துச்சு?"

"கரண்ட் போச்சு," என்றாள் அண்ணி கிளாரிசா. "நம்ம வீடு இன்வெர்ட்டர்ல ஓடுது."

"செவ்வாய்க்கிழமை ஜெபமாலை வந்தப்போ?"

"அன்னைக்கும் இல்ல."

"வியாழன்?"

"அன்னைக்கும்தான். ஃப்ரிட்ஜை இன்வெர்ட்டர் இழுக்காதே, மீனே கெட்டுப்போச்சு."

நெரேய்தா பட்டியலை மறுபடி பார்த்தாள். அதே நேரம் தெருவில் பிள்ளைகள் "வந்துருச்சு, வந்துருச்சு!" என்று கூவின. மின்சாரம். அவள் கையிலிருந்த பட்டியலில் அந்த டிவி பளிச்சென்று உயிர்பெற்றது.

"அந்த வீட்ல இன்வெர்ட்டர் இல்ல. கரண்ட் போனா அங்க டிவி செத்துடும், பேட்டரி இருக்கற போன் மட்டும் நிக்கும். போன்ல போடற ஜெபமாலையை டிவிக்கு அனுப்பறாங்க; அப்போ அந்த போனுக்குக் கண்ணுல படற ஒரே டிவி நம்மளது. சந்துல இன்வெர்ட்டர் இல்லாத வீடு எது? 'ஆமென்' எங்கேர்ந்து வந்துச்சு?"

எல்லோரும் ஜன்னலைப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டில் ஒரு மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது.

அந்த வீட்டு மூதாட்டி, சந்தே மரியாதையாகத் 'தோன்யா' என்றழைக்கும் ஒப்துலியாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. அவர்கள் அங்கே போனபோது போனை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"ஆறு பத்துக்கு அமுக்குவேன், ஓடும். கரண்ட் இல்லேன்னாலும் சத்தம் கேக்குது. ஆண்டவரோட அற்புதம்னு நெனச்சேன்."

"பாஸ்வேர்டு யார் குடுத்தது, தோன்யா?"

"இதோ நிக்கறானே, உங்கண்ணன். கொரோனாவுல கோயிலைப் பூட்டினப்போ, பழைய டிவியைத் தோள்ல தூக்கிட்டு வந்து எல்லாம் மாட்டிக் குடுத்தான். தெனம் அவனுக்காக ஒரு மரியே வாழ்க சொல்றேன்."

ஃபுல்ஹென்சியோவின் காது சிவந்தது.

"குத்தவாளி நீதாண்ணே," என்றாள் நெரேய்தா மெல்ல.

வலக்கை செய்வதை இடக்கை அறியாதிருக்கட்டும் என்றார் ஆண்டவர். இங்கே வலக்கையே மறந்துவிட்டிருந்தது. மறந்த நன்மையும் ஒரு ஜன்னலுக்கு அப்பால் ஜெபித்துக்கொண்டுதான் இருந்தது.

அவர் நேரே பின்னறைக்குப் போனார். பையிலிருந்த சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஆணியில் மாட்டினார். "தப்பு என்னுது, வில்னர். உன் வீட்டம்மா வரட்டும். நாளைக்கு ஒரு வேலை இருக்கு, கூட வர்றியா?"

மறுநாள் இன்வெர்ட்டரிலிருந்து மதில் மேல் ஒப்துலியாவின் வீட்டுக்கு ஒரு வயர் போயிற்று. வில்னர் ஏணியில் நின்றான். ஃபுல்ஹென்சியோ ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த முறை மின்சாரம் போனபோது ஜெபமாலை ஒப்துலியாவின் சொந்த டிவியிலேயே ஓடியது. அற்புதம் நிற்கவேயில்லை என்றாள் அவள். யாரும் அவளை மறுக்கவில்லை.