விசிறி நின்ற பிறகு கேட்டது

லேப்டாப்பின் விசிறி நின்றுவிட்டது. சத்தம் மட்டும் நிற்கவில்லை.

ஆன்சிக்கு அது மழை என்றுதான் முதலில் தோன்றியது. வாகமண் மேட்டில் கர்க்கடக மாத மழைக்குக் குரல்கள் பல. ஓட்டின் மேல் விழும்போது ஒன்று, ஏலச்செடி இலைகளில் சிதறும்போது ஒன்று, வீட்டின் பின்சுவரை ஒட்டி எழுந்து நிற்கும் மண்மேட்டில் ஊறி இறங்கும்போது இன்னொன்று. எல்லாமே அவளுக்குப் பழக்கம். ஆனால் இது விட்டு விட்டு வந்தது. உள்ளே இழுத்து, கொஞ்சம் தங்கி, மெல்ல வெளியே விட்டது.

அன்று காலை மலை சரிந்து ரோட்டைக் கொண்டுபோயிருந்தது. முன்கதவுக்கு வெளியே ஜன்னல் உயரத்துக்குச் சேறு ஏறி நின்றது. தள்ளித் தள்ளி அவள் தோள் கன்றிவிட்டது. சமையலறைக் கதவைத் திறந்தால், படிகள் இருந்த இடத்தில் செம்மண் வெள்ளம் பாறைகளை உருட்டிக்கொண்டு ஓடியது. ஜன்னல்களுக்கெல்லாம் இரும்புக் கம்பி. கரண்ட் இல்லை. இப்போது மாலையும் மங்கிக்கொண்டிருந்தது.

மிச்சமிருந்தது லேப்டாப் பேட்டரி ஒன்றுதான். கல்யாண வீடியோக்களை எடிட் செய்வதற்காக வாங்கிய கனமான லேப்டாப் அது. அதிலிருந்து வயர் போட்டுத்தான் போனைப் பிழைக்க வைத்துக்கொண்டிருந்தாள். மூடினால் போனில் சார்ஜ் ஏறாது. திறந்து வைத்தாலோ அடுப்பாகக் கொதித்து, விசிறியை இரையவிட்டு, பேட்டரியை உறிஞ்சித் தீர்த்தது.

அதற்கு ஒரு வழி அவளுக்குத் தெரியும். பிராசஸருக்குத் தேவைக்கு மேலேயே வோல்டேஜ் போகும்படிதான் செய்து அனுப்புகிறார்கள். அதைத் துளித்துளியாகக் குறைத்தால் அதே வேலையைச் சூடில்லாமல் செய்யும், பேட்டரியும் நெடுநேரம் வரும். அளவு மீறிக் குறைத்தால் அப்படியே உறைந்து நின்றுவிடும். கொஞ்சம் குறைத்தாள். இன்னும் கொஞ்சம். சூடு இறங்கியது. விசிறி முனகி, தயங்கி, ஓய்ந்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம்.

லேப்டாப் மேல் காதை வைத்துப் பார்த்தாள். அது ஊமையாகக் கிடந்தது. சத்தம் பக்கத்து அறையிலிருந்து வந்தது. வீட்டுக்காரர் தன் பழைய கட்டில், பீரோவையெல்லாம் போட்டுப் பூட்டிவிட்டு வெளிநாடு போன அறை. ஏதாவது நாயோ மரநாயோ வெள்ளத்துக்கு ஒதுங்கியிருக்கும். வேண்டுமென்றே இருமினாள்.

சத்தம் நின்றது. யாரோ காது கொடுத்துக் கேட்பது போல ஒரு இடைவெளி. பிறகு மறுபடியும் தொடங்கியது.

போன் அடித்தபோது கையிலிருந்து நழுவப் பார்த்தது. டிஜோ. அவள் கணவன். மருந்து வாங்க அடிவாரத்துக்குப் போனவன் அங்கேயே மாட்டிக்கொண்டிருந்தான்.

"எடி, ஏதாவது சாப்பிட்டியா?"

"நேத்து வெச்ச கப்பைக் கிழங்கு இருந்துச்சு, இச்சாயா. நீங்க எங்க இருக்கீங்க?"

"ஸ்கூல்ல, கேம்ப்ல. ஜேசிபி வந்தாச்சு. இருட்டுல ஏத்த மாட்டேன்னு டிரைவர் அடம் பிடிக்கிறான். விடிஞ்சதும் முதல் ஆளா நான் வந்து நிப்பேன். போன் மட்டும் அணையாமப் பாத்துக்கோ. மண்ணு இன்னும் சரிஞ்சா சிக்னலை வெச்சுதான் ஆளைத் தேடுவாங்களாம்."

"வோல்டேஜைக் குறைச்சுட்டேன். விடியிற வரைக்கும் தாங்கும்."

"அடேயப்பா, இவ்ளோ கெட்டிக்காரியா நீ! பொண்ணு பாக்க வந்தப்போ உங்க அப்பச்சன் இதைச் சொல்லவே இல்லியே." சிரித்தான். அவளுக்கும் சிரிப்பு வந்தது. "அது சரி, குறைச்சுட்டேங்கிற, அப்புறம் ஏன் பேன் இப்படி இரையுது?"

அவள் விசிறித் துளையில் கை வைத்துப் பார்த்தாள்.

"பேன் நின்னு போச்சு, இச்சாயா."

"விளையாடாத. போன் பக்கத்துலயேதான வெச்சிருக்க? உன் பேச்சைவிட அதுதான் எனக்கு நல்லாக் கே..."

இணைப்பு அறுந்தது. திரும்ப அழைத்தாள், போகவில்லை.

அந்தச் சத்தத்தை இனி ஒரு நொடியும் கேட்க முடியாது என்று தோன்றியது அவளுக்கு. வோல்டேஜைப் பழைய இடத்துக்கே ஏற்றி, யாரோ ஒருத்தியின் கல்யாண வீடியோவை ஓடவிட்டாள். விசிறி சீறி எழுந்தது. இரைச்சல் அறையை நிறைத்தது. வேறெதுவும் கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, தெரிந்த ஜெபமெல்லாம் சொன்னாள். கண் திறந்தபோது பேட்டரி பாதிக்கும் கீழே போயிருந்தது.

வேறு வழியில்லை. குறைத்தாள். விசிறி அடங்கியது.

சத்தம் இப்போது பூட்டிய அறையில் இல்லை. இந்த அறையில், அலமாரிக்குப் பின்னால்.

அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கை நுழையும் இடம்கூடக் கிடையாது. ஈர மண்ணும் அழுகிய வேரும் கலந்த வாடை அங்கிருந்து வந்தது. அவளுக்கு மெதுவாகப் புரிந்தது. விசிறி இரைந்த நேரத்தில் அது நகர்ந்திருக்கிறது. அமைதியில் அது அசைவதில்லை. இருந்த இடத்தில் இருந்து மூச்சு விடுகிறது, அவ்வளவுதான்.

விசிறி மறுபடி சுழலக்கூடாது. எதற்காகவும்.

இன்னும் குறைத்தாள். லேப்டாப் சில்லென்று ஆனது. விரல் இன்னும் ஒரு துளி இழுத்தது.

திரை உறைந்தது. மணப்பெண் வாய் பாதி திறந்தபடி அப்படியே நின்றாள். எந்த விசைக்கும் அசைவில்லை. போனில் சார்ஜ் ஏறுவதும் நின்றிருந்தது. கடைசிச் சிவப்புக் கோடு.

பொத்தானை அழுத்தி அணைத்து மீண்டும் எழுப்ப வேண்டும். எழும்போது விசிறி முழு வேகத்தில் இரையும். எப்போதும் அப்படித்தான். கொஞ்ச நேரம்தான். ஆனால் அலமாரி எட்டிப்பிடிக்கும் தூரத்தில் இருந்தது.

அழுத்தாவிட்டால் போன் செத்துவிடும்.

லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அலமாரியைப் பார்த்தபடியே பின்னால் நகர்ந்தாள். ஒரு அடி. இன்னொன்று. பின்சுவர் முதுகில் தட்டியது. அதில் சாய்ந்து சரிந்து உட்கார்ந்தாள். பொத்தானில் விரல் வைத்தாள். இயேசுவே. அழுத்தினாள். திரை கறுத்தது. மறுபடி அழுத்தினாள்.

விசிறி அலறியது.

எவ்வளவு நேரம்? தெரியவில்லை. அடங்கியது. திரை வெளிறி விழித்தது. போன் மெல்ல அதிர்ந்து சார்ஜ் ஏற்கத் தொடங்கியது.

அலமாரிப் பக்கம் காது கொடுத்தாள்.

ஒன்றுமில்லை.

கட்டிலுக்கு அடியில்? ஒன்றுமில்லை. பூட்டிய அறையில்? மழை மட்டும். போய்விட்டது. கண்ணீர் பொங்கி வந்தது. தலையைப் பின்னால் சாய்த்தாள்.

சுவர் வெதுவெதுப்பாக இருந்தது.

நாள் கணக்கில் மழை ஊறிய சுவர். மடியில் இருந்த லேப்டாப்பைத் தொட்டாள். ஜில்லென்று இருந்தது. சூடு முதுகில்தான். தோள்பட்டையிலிருந்து இடுப்பு வரை, ஈரமாக, மிருதுவாக.

சுவர் அவளை மெல்ல முன்னால் தள்ளியது. பிறகு பின்வாங்கியது.

மறுபடியும் தள்ளியது.

ஆன்சி மூச்சை அடக்கினாள்.

சுவரும் அடக்கிக்கொண்டது.