யார் பக்கமும் இல்லாத வாசல்

மாடியில் இருந்து மணி அடித்தது. அண்ணனும் தலை நிமிரவில்லை, தம்பியும் தலை நிமிரவில்லை.

கேட்கவில்லை என்று சொல்லவே முடியாது. மணியின் ஒலிபெருக்கி இருவருக்கும் நடுவே, புதிதாக எழுப்பிய பிளைவுட் தடுப்பின் உச்சியில்தான் இருந்தது. இரண்டு முறை முழுதாக ஒலித்து, மூன்றாவது முறை பாதியில் அறுந்து, அழுத்திய விரல் சோர்ந்துபோனதைக்கூடக் காட்டிக்கொடுத்தது. காது இருக்கிறவனுக்குக் கண்ணிமையாவது அசைந்திருக்க வேண்டும். ஸ்டூல் மேல் ஏறி நின்று, சுவர் அலமாரியில் பழைய நெட்வொர்க் பெட்டியின் திருகுகளைக் கழற்றிக்கொண்டிருந்த, ஒயர் வேலைக்கு வந்தவளுக்குத்தான் தூக்கிவாரிப் போட்டது.

“சார், மேல யாரோ கூப்பிடறாங்க,” என்றாள்.

“அப்பா,” என்றார் அண்ணன், கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே. “கை கால் வராது, பேச்சும் போயிடுச்சு. ஒரு விரல் மட்டும்தான் அசையும். அடிச்சுக்கிட்டே இருப்பாரு.”

“யாராவது போய்ப் பாக்க வேணாமா?”

“அவன் பாத்துப்பான்.”

அவள் தடுப்புக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். அந்தப் பக்கம் தம்பி. அதே மூக்கு, அதே இடத்தில் தொடங்கிய வழுக்கை. “அண்ணன் பாத்துப்பாரு,” என்றார், அவள் கேட்பதற்கு முன்பே.

“ஆயாம்மா யாரும் இல்லையா சார்?”

“இருந்தா ஒருத்தி. போன வாரம் சொல்லாம கொள்ளாம நின்னுட்டா. அண்ணன் வேற ஆள் போட்டிருப்பாரு.”

“அவன் போட்டிருப்பான்,” என்றது இந்தப் பக்கம், சுவரிடம் சொல்வது போல.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். கீழே அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனி, மேலே வீடு. இரண்டையும் கட்டியவர் மேலே படுத்திருந்தார். இயந்திரங்கள் ஓயாமல் ஓடும் நாட்களில் தெரியாத வாடைகளெல்லாம் இன்று தனித்தனியாக எழுந்து வந்தன: பசையின் புளிப்பு, ஈரம் ஏறிய அட்டை, தடுப்பிலிருந்து இன்னும் உதிர்ந்துகொண்டிருந்த மரத்தூள், இவற்றுக்கெல்லாம் அடியில் மருந்து எண்ணெயும் மாற்றாத துணியும் கலந்த ஏதோ ஒன்று. அது அலமாரிக்குப் பின்னால், மாடி ஒயர் இறங்கும் ஓட்டை வழியாக வந்தது. அவள் மூக்கைத் திருப்பிக்கொண்டு வேலையைப் பார்த்தாள்.

இயந்திரங்களில் பாதி, லாரிகளில் பாதி, கூடத்தில் பாதி என்று எல்லாவற்றையும் பிரித்தாகிவிட்டது. மிச்சம் இருந்தது கம்ப்யூட்டர் ஒயர்கள். அதற்குத்தான் அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். வருஷக்கணக்காக வந்து போகிறவள், மாடிக்கு மட்டும் ஏறியதில்லை. வேலையாட்கள் வைத்த பெயர் நெட்டம்மா. இதுவரை இங்கே இருந்தது ஊமைப் பெட்டி, எந்த வாசலில் ஒயரைச் செருகினாலும் எல்லோருக்கும் எல்லோரும் தெரிவார்கள். புது ஸ்விட்ச் அப்படி இல்லை. இருபத்து நான்கு வாசல்களில் எது யாருடைய பக்கம் என்று எழுதி வைத்தால், அதன்படி நடக்கும்.

“ஒரே பெட்டிக்குள்ள எப்படிப் பிரிப்பீங்க? நடுவுல சுவர் மாதிரி வருமா?” என்று அண்ணன் காலையில் கேட்டிருந்தார்.

“சுவர்னா தட்டினா அந்தப் பக்கம் கேக்கும் சார். இது கேக்காது. அப்படி ஒருத்தர் இருக்கறதே தெரியாது.”

அண்ணனுக்கு அது ரொம்பப் பிடித்துப் போயிற்று. தடுப்புக்கு அந்தப் பக்கம் தம்பி சிரித்ததும் கேட்டது. ரத்த பாசம்.

கேலி செய்ய அவளுக்கு மட்டும் என்ன யோக்கியதை? வீட்டுக்கு வீடு வாசப்படி. அவளும் கணவனும் நேருக்கு நேர் பேசி ஒரு மாதமாகிறது. “அப்பாகிட்ட சொல்லு”, “அம்மாகிட்ட கேளு” என்று மகள்தான் நடுவில் ஓடிக்கொண்டிருக்கிறாள், இரண்டு பக்கச் சுமையையும் தூக்கும் ஒற்றை ஒயராக. “இருட்டறதுக்குள்ள வந்துடுவேன், ஷூ வாங்கப் போகலாம்” என்று மகளிடம்தான் சொல்லிவிட்டு வந்திருந்தாள். ஏற்கெனவே இரண்டு முறை கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனவள் என்பதால், தாமதமானால் கணவன் என்ன நினைப்பான் என்று அவளுக்குத் தெரியும். அதனால் சீக்கிரம் முடித்துவிட வேண்டும்.

ஸ்விட்ச்சைப் பொருத்தினாள். அண்ணனுக்குப் பத்து வாசல், தம்பிக்குப் பத்து. மாடி ஒயரைப் பிடித்து இழுத்தபோது அது கொஞ்சம் வந்து, நின்று, பின்னால் போனது.

எங்காவது சிக்கியிருக்கும். மறுபடி இழுத்தாள். மறுபடியும் அது மெதுவாகப் பின்னால் போனது, அந்தக் கோடியில் யாரோ பிடித்திருப்பது போல. அவள் ஒயரை மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றி வெடுக்கென்று இழுத்து, இருபத்து மூன்றாம் வாசலில் செருகினாள். பச்சை விளக்கு எரிந்தது.

“சார், அப்பா மணியோட ஒயர் யார் பக்கம்?”

குழாய் சொட்டுவது மட்டும் கேட்டது.

“அவன் பக்கம் போடுங்க,” என்றார் அண்ணன்.

“அதெல்லாம் வேணாம், அண்ணன் பக்கம் போடுங்க,” என்றார் தம்பி. “நான் எடுத்துக்கிட்டா நாளைக்கு வக்கீல், அப்பா உன் பொறுப்புதானேன்னு பிடிச்சுக்குவான்.”

“பெரியவன் நான்னு எல்லாம் என் தலையிலயே கட்டுவீங்களா?”

“ரெண்டு பக்கமும் கேக்கற மாதிரி போட்டுடட்டுமா சார்?”

“வேணாம்,” என்றன இரண்டு குரல்கள். அன்று முழுவதும் அண்ணனும் தம்பியும் ஒத்துப்போனது அந்த ஒரு வார்த்தையில்தான்.

அப்படியென்றால் அது மீதி வாசல்களோடுதான் போக வேண்டும். ஸ்விட்ச்சில் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஓர் எண் இருப்பது போல, யாருக்கும் வேண்டாத வாசல்களுக்கும் தனியாக ஓர் எண் உண்டு. அதில் போட்டதைப் பிறகு எந்தப் பக்கத்திலிருந்தும் பார்க்க முடியாது. அவள் அதற்குப் பாழுங்கிணறு என்று செல்லப் பெயர் வைத்திருந்தாள். ஒரு விரல்தான் அந்த மனுஷருக்கு மிச்சம், அதையும் கிணற்றில் தள்ளப் போகிறோம் என்று அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. பெற்ற பிள்ளைகளுக்கே இல்லாத அக்கறை வந்தவளுக்கு எதற்கு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஒலிபெருக்கியை இறக்கி, ஒயரைப் பிடுங்கி, அலமாரித் தட்டில் வைத்தாள். லேப்டாப்பில், இருபத்தொன்று முதல் இருபத்து நான்கு வரை மொத்தமும் பாழுங்கிணற்றுக்கு என்று ஒரே வரியில் அடித்து, என்டரைத் தட்டினாள்.

திரை உறைந்தது.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுடைய லேப்டாப் செருகியிருந்தது இருபத்து நான்கில். நுனிக்கிளையில் உட்கார்ந்துகொண்டு அடிக்கிளையை வெட்டிய கதை. இந்தத் தப்பைச் செய்த எத்தனையோ பையன்களைத் திட்டியிருக்கிறாள்.

“சாரி சார், என்னையே வெளிய தள்ளிக்கிட்டேன். ஒரு நிமிஷம்.”

அண்ணனின் விரல்கள் விசைப்பலகையில் விழுந்துகொண்டிருந்தன. ஆனால் அந்தத் தட்டும் சத்தம் வரவில்லை. குழாய் சொட்டும் சத்தமும் இல்லை. மேலே சுற்றிய மின்விசிறிக்கும் சத்தம் இல்லை.

அப்போது மணி அடித்தது.

இரண்டு முறை முழுதாக. மூன்றாவது பாதியில். தட்டின் மேல், ஒயர் பிடுங்கிய ஒலிபெருக்கியில் இருந்து.

இன்னும் சேமிக்கவில்லை, மின்சார ஒயரைப் பிடுங்கினால் பெட்டி கடைசியாகச் செய்ததை மறந்துவிடும் என்று அவள் வாய்விட்டே சொல்லிக்கொண்டாள். பிடுங்கினாள். வரிசை வரிசையாக விளக்குகள் அணைந்தன. இரண்டு மட்டும் அணையவில்லை. இருபத்து மூன்று. இருபத்து நான்கு. மின்சாரம் இல்லாத பெட்டியில் பச்சையாக, மாறி மாறி, ஒன்று கேட்க ஒன்று பதில் சொல்வது போலச் சிமிட்டிக்கொண்டிருந்தன.

நெட் போனால் அண்ணனும் தம்பியும் கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

அவள் ஸ்டூலில் இருந்து குதித்தாள். குதித்த சத்தம் கேட்கவில்லை. அண்ணனின் தோளைத் தொட்டாள். ஈயை விரட்டுவது போல அவர் தோளைக் குலுக்கிக்கொண்டார்.

“சார். சார்! என்னைப் பாருங்க சார்!”

வாட்ச்மேன் உள்ளே வந்தான். அவன் குரல் ஆழத்திலிருந்து வருவது போல வந்தது. “நெட்டம்மா எங்க சார்? ஷட்டரை இறக்கணும்.”

“அவன் அனுப்பியிருப்பான்.”

வாட்ச்மேன் தடுப்பைச் சுற்றிப் போனான்.

“அண்ணன் அனுப்பியிருப்பாரு.”

அவள் பிளைவுட்டில் அறைந்தாள். இரண்டு கையாலும். சுவர் என்றால் தட்டினால் கேட்கும். உள்ளங்கை எரிந்தது. சத்தம் வரவில்லை.

அண்ணனும் தம்பியும் எழுந்து வெளியே நடந்தார்கள். அவர்களை முந்திக்கொண்டு ஓடலாம் என்று தோன்றியபோது ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. ஓடினாள். வாட்ச்மேன் அவள் முகத்தைப் பார்த்தபடியே மீதியை இழுத்து மூடினான்.

போன். மகளின் எண். ஒரே மணியில் எடுத்தாள்.

“ஹலோ? அம்மா?”

“கண்ணு, அப்பாகிட்ட குடு. உடனே குடு.”

“ஹலோ? ஹலோ? அப்பா, அம்மா நம்பர். யாரும் பேசல.”

தூரத்தில் டிவி. அதற்கு மேலே கணவனின் குரல். “அம்மா வீட்டுக்குப் போயிருப்பா. வந்ததும் அவகிட்டயே கேளு.”

போன் துண்டிக்கப்பட்டது. மணி அடித்தது.

மாடிப்படி கூடத்தின் கோடியில் இருந்தது. எந்தப் பங்கிலும் சேராத படி, யாரும் பெருக்குவதில்லை. தூசியில் ஒரு பெண்ணின் காலடிகள் இருந்தன. எல்லாம் மேலே போயிருந்தன. ஒன்றுகூட இறங்கி வரவில்லை.

போக வேறு இடம் இல்லை. ஏறினாள்.

கதவு திறந்திருந்தது. அந்த வாடை. கட்டில். கட்டிலில், பிள்ளைகள் இருவருக்கும் இருந்த அதே மூக்கோடு ஒரு முகம், கண்கள் மட்டும் உயிரோடு. ஒற்றை விரல் மணியின் மேல். பக்கத்து ஸ்டூலில் ஒருத்தி உட்கார்ந்து, ஈரத்துணியால் அவர் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“வாம்மா,” என்றாள். “வாசல்லயே நிக்காத.”

“நீங்க... ஆயாம்மாவா? நின்னுட்டதா சொன்னாங்களே.”

“அப்படியா சொல்லிக்கிறாங்க?” அவள் துணியைப் பிழிந்தாள். தண்ணீர் விழவில்லை. “இன்னிக்குக்கூடக் கீழ வந்து கத்தினேன். உன் காதுகிட்டயே. நீ திருகு கழட்டிக்கிட்டிருந்த. அந்த ஒயரையாவது விடக்கூடாதுன்னு பிடிச்சுப் பாத்தேன். வெடுக்குன்னு இழுத்துட்ட.”

நெட்டம்மா மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தாள், யாரிடம் முதலில் என்று தெரியவில்லை.

“உன்னை வீட்டுல தேடுவாங்களா?”

“தேடுவாங்க.”

“நானும் அப்படித்தான் சொல்லிக்கிட்டிருந்தேன்.”

ஜன்னலுக்குக் கீழே அண்ணனும் தம்பியும் தெருவில் இறங்கினார்கள். ஒருவர் இடது பக்கம், ஒருவர் வலது பக்கம். ஆயாம்மா அவள் கையைப் பிடித்து, கிழவரின் விரல் மேல் அவள் விரலை வைத்தாள். குளிர்ந்திருந்தது. எது யாருடைய குளிர் என்று தெரியவில்லை. அழுத்தினாள். மணி வீடு அதிர ஒலித்தது.

அண்ணனும் தலை நிமிரவில்லை. தம்பியும் தலை நிமிரவில்லை.

கையில் போன் அதிர்ந்தது. மகள்.

“அம்மா,” என்றது குரல். வேறு சத்தமே இல்லை, பின்னால் டிவிகூட இல்லை. “இப்ப நீ மூச்சு விடறதுகூடக் கேக்குதும்மா. ஆனா நான் கூப்பிடறதுதான் அப்பாவுக்குக் கேக்கல.”

ஆயாம்மா எழுந்து, குனிந்து, கட்டிலுக்கடியில் இருந்து ஒரு குட்டி ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.