குடியிருந்த பலா

தென்னேரி ஏரிக்கரையில் எங்கள் வேன் போய் நின்றபோது காலை வெயில். அது பேய் வருகிற நேரமில்லை என்பீர்கள். பேய்க்கு அது தெரியாது.

நான் சாமுவேல். காஞ்சிபுரத்தில் மைக் செட் வைத்திருந்தவன். அம்மன் கோயிலோ பெருமாள் கோயிலோ, திருவிழா என்றால் மரத்தில் ஏறிக் குழாய் கட்டுகிறவன் நான்தான். பேய் பிசாசை நம்பக் கூடாது என்று எங்கள் பாதிரியார் சொல்லியிருக்கிறார். நான் நம்புவதில்லை. கேட்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

அன்றைக்கு என்னோடு வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் மயில்வாகனம். பிள்ளையார்பாளையத்து நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளை; தறிக்குழியில் கால் வைக்காமல் கிதாரைத் தூக்கிக்கொண்டு மெல்லிசைக் குழு நடத்தினான். அவன் வாசிப்பான், அவன் பெண்டாட்டி கமலாட்சி பாடுவாள். ஜனம் கூடியது அவள் குரலுக்கு. இது ஊருக்கே தெரியும். மயில்வாகனத்துக்கும் தெரியும். வம்பு அங்கேதான்.

இன்னொருவர் ஏகாம்பர ஆசாரி. தறிக்கட்டை, வீணைக்குடம், கோயில் வாகனத்துக்கு மாற்றுக் கால் என்று எது கேட்டாலும் செய்வார்.

எழுபத்திரண்டாம் வருஷம் அது. குழுவில் பேஸ் கிதார் வாசித்தவன் கல்யாணமாகி மாமியார் வீட்டோடு போய்விட்டான். வேறு ஆள் தேடுவதற்குப் பதில் மயில்வாகனம் ஒரு யோசனை செய்தான். வழக்கமான ஆறு தந்திக்குக் கீழே இன்னும் இரண்டு தடித்த தந்தி. எட்டுத் தந்தி எலக்ட்ரிக் கிதார். ரெண்டு ஆள் வேலையை ஒரே ஆள் பார்க்கலாம்.

"அப்படி எவன்பா வெச்சிருக்கான்?" என்று கேட்டேன்.

"எவனும் வெச்சிக்கல. அதான் எனக்கு வோணும்."

கடையில் கிடைக்காததால் செய்யத்தான் வேண்டும். கழுத்துக்குப் பழைய தேக்கு, விரல் ஓடுகிற பலகைக்குக் கருங்காலி. ஆசாரி இழைத்துத் தயாராக வைத்துவிட்டார். உடம்புக்குப் பலா. வெட்டிக் காயவைத்த பலா உதவாது, நின்றபடியே காய்ந்த பலா வேண்டும் என்றார். ஊர் ஊராகப் போய் மரங்களைத் தட்டித் தட்டிப் பார்த்துக் கடைசியில் வந்தது இங்கே. ஜெயம்மாள் என்கிற கைம்பெண்ணின் கொல்லை. இடி விழுந்து பட்டுப்போன ஒற்றைப் பலா. ஒரு இலை இல்லை, காய் இல்லை. ஆனால் பழுத்து வெடித்த பலாப்பழ வாசனை மட்டும் அடித்தது.

ஆசாரி விரலை மடக்கி ஒரு தட்டுத் தட்டினார்.

டொக்.

காதை வைத்தார். நாங்களும் வைத்தோம். டொக் அடங்கியது. ஏரிக்கரையில் ஒரு நாரை கத்தியது. நான் காதை எடுக்கப் போனேன்.

அப்போதுதான் உள்ளேயிருந்து வந்தது.

"ம்ம்ம்..."

தூக்கத்தில் கூப்பிட்டால் பதில் சொல்வார்களே, அந்த மாதிரி.

"குடி இருக்குது," என்றார் ஆசாரி, மழை வருது என்று சொல்கிற குரலில். "ஒண்ணும் பயமில்ல. நோட்டீஸ் குடுத்துட்டு வெட்டலாம்."

மஞ்சள் நூலை மரத்தில் சுற்றினார். தேங்காயை உடைத்துவிட்டு மரத்தைப் பார்த்துச் சொன்னார். "இங்க யார் இருந்தாலும் சரி, வர்ற வெள்ளிக்குள்ள வேற இடம் பாத்துக்கினு போய்டுங்க. சனிக்கிழமை கோடாலி வுழும்." பெரிய மரம் எதையும் அவர் பரம்பரையில் இப்படிச் சொல்லாமல் வெட்டியதில்லை.

மயில்வாகனம் மரத்திலிருந்து காதை எடுக்கவே இல்லை. அவன் முகம் இனிப்புக் கடையில் நிற்கிற குழந்தை முகம்.

"அது போய்ட்டா இந்த சவுண்டு இருக்குமா, ஆசாரியாரே?"

"அதுவும்தான் போவும். மரம் மரமாட்டம் இருக்கும்."

அவன் வியாழக்கிழமையே வெட்டிவிட்டான்.

குடியிருந்தது மூட்டை முடிச்சைப் பாதி கட்டிக்கொண்டிருந்திருக்கும். ஜெயம்மாள் பிற்பாடு என்னிடம் சொன்னாள். "மரம் சாயும்போது சத்தமே வரலப்பா. வுழுந்துச்சு. கூலிக்காரங்க மூஞ்சி கழுவிக்கினு வந்து சோத்துல கைய வெச்சாங்க. அப்பதான் தடால்னு வந்துது. ஒருத்தனும் சாப்டல."

மயில்வாகனம் பலகையை ஆசாரியிடம் கொண்டுபோனான். அவர் ஒரு தட்டுத் தட்டினார். காத்திருந்தார். "ம்ம்ம்." உளியைக் கீழே வைத்தார்.

"வெள்ளிக்கு அப்புறமாடா வெட்டுனே?"

"ஆமா."

"சரி. எடுத்துக்கினு போ. நான் தொட மாட்டேன்."

மயில்வாகனம் தானே அறுத்தான், தானே செதுக்கினான். தந்தியின் அதிர்வைப் பிடிக்கிற காந்தத்தில் கம்பிச் சுருளை நான் சுற்றிக் கொடுத்தேன். ஆறு தந்தி மெட்ராஸில் வாங்கினோம். ஏழாவதற்கு ஒரு பழைய பியானோவின் கம்பி அகப்பட்டது. எட்டாவதற்கு அவன் கேட்கிற தடிமன் எங்கும் இல்லை. அதைக் கமலாட்சி செய்தாள். பட்டு இழைகளைச் சேர்த்து முறுக்கி, மேலே வெள்ளி ஜரிகையை நெருக்கிச் சுற்றினாள். ராஜநாகம் மாதிரி பளபளவென்று வந்தது. சொந்தக் கையால் சுற்றினாள், பாவம், பாட்டுப் பாடிக்கொண்டே.

"இது சும்மா அழகுக்குத்தான் தங்கச்சி," என்றேன். "காந்தம் இரும்பத்தான் புடிக்கும். பட்டையும் வெள்ளியையும் புடிக்காது. ஸ்பீக்கர்ல வராது."

"வராட்டி போவுது அண்ணா. அவர் ஆசைப்படறார் இல்ல?"

மாட்டி, ஆம்ப்ளிபயரில் செருகினோம். ஏழு தந்தியும் பேசின. எட்டாவதைச் சுண்டினான். அது ஆடியது, ஸ்பீக்கர் சும்மா இருந்தது. நான் சொன்னேனே என்று வாயைத் திறந்தேன்.

"ம்ம்ம்..." என்றது ஸ்பீக்கர்.

கமலாட்சி சிரித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று தொண்டையைப் பிடித்தாள். மீன்முள் சிக்கியவளைப் போல இரண்டு முறை விழுங்கினாள். வீடு முழுக்கப் பலாப்பழ வாசனை.

முதல் கச்சேரி ஆடி மாதத்தில், எங்கள் பக்கத்து அம்மன் கோயில் கூழ் திருவிழாவில். கமலாட்சி அம்மன் தாலாட்டைத் தொடங்கினாள். அதில் ஓரிடத்தில் குரலை உச்சிக்குக் கொண்டுபோய் நிறுத்துவாள்; அதற்கென்றே கிழவிகள் வருவார்கள். அன்று உச்சிக்குப் போனாள். வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை.

ஆனால் குழாயில் வந்தது. அவள் குரலேதான், கொஞ்சமும் பிசகாமல். கிழவிகள் கண்ணைத் துடைத்தார்கள்.

என் ஆம்ப்ளிபயரில் அவள் மைக்குக்கு ஆடுகிற முள் அசையவில்லை என்பதை நான் மட்டும் பார்த்தேன். மயில்வாகனத்தின் கட்டைவிரல் எட்டாம் தந்தியில் இருந்தது. தடித்த தந்தி, அடித்தொண்டையில் உறும வேண்டியது. அது உச்சியில் பாடிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு அந்த உச்சி அவளுக்கு வரவே இல்லை.

அடுத்தது ஓரிக்கையில் ஒரு கல்யாணம். அங்கே இன்னொரு சுரம் போயிற்று. அதற்கடுத்த கச்சேரியில் இன்னொன்று. மேலிருந்து கீழாக, மாடிப்படி இறங்குகிற மாதிரி போயிற்று. இவளிடம் எந்தச் சுரம் குறைகிறதோ, அந்தச் சுரம் அதில் கூடும். எட்டுத் தந்தி கிதாருக்குச் சுர வீச்சு அதிகம் என்று ஊரெல்லாம் பேச்சு. எங்கிருந்து வந்த வீச்சு என்று யார் கேட்டார்கள்?

தை பிறப்பதற்குள் அவளுக்குப் பேச்சே குசுகுசுவென்று ஆகிவிட்டது.

நான் ஸ்பீக்கர் பழுது பார்க்க அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். நான் இருப்பதைக்கூட அவள் பொருட்படுத்தவில்லை.

"இன்னாங்க," என்றாள், காற்றுக் குரலில். "அந்தத் தந்திய மட்டும் கழட்டிடுங்க."

"தொண்ட கட்டிக்கினு இருக்குது உனுக்கு. சுக்குத் தண்ணி குடி."

"ஒங்களுக்குத் தெரியும்."

அவன் தந்தியைத் துடைத்துக்கொண்டே இருந்தான். துடைத்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தான்.

"இத்தினி வருசமா ஊரு உன்னக் கேட்டுச்சு. நான் பக்கத்துல உக்காந்துக்கினு இருந்தேன். இனிமே கொஞ்ச நாள் நீ பக்கத்துல உக்காரு."

அவள் எழுந்து உள்ளே போனாள். செலவழிக்க அவளிடம் மிச்சமிருந்த குரலும் கொஞ்சம்தான்.

மறுநாள் என்னைக் கூட்டிக்கொண்டு ஆசாரியிடம் போனாள். தந்தியை அறுத்துவிடலாம் என்று கத்திரிக்கோலை எடுத்தாளாம். கத்திரி பட்டதும் தந்தி அவள் குரலிலேயே முனகியதாம். "அறுத்தா எங்கொரலும் சேந்து அறுந்துட்டா, அண்ணா?"

ஆசாரி யோசித்தார். "அந்தக் கட்டைய ஏரிக்கரைக்கு எடுத்துக்கினு போய், மரம் இருந்த எடத்துல வெச்சு, முறையா நோட்டீஸ் குடுக்கலாம். போய்டும்."

"எங்கொரல வெச்சுட்டுப் போவுமா?"

"அத எப்படிமா சொல்றது? வீடு காலி பண்ணும்போது சில பேரு சட்டி பானைய வுட்டுட்டுப் போவாங்க. சில பேரு செவுத்துல அடிச்ச ஆணியக்கூடப் புடுங்கிக்கினு போவாங்க."

எப்படியானாலும் கட்டையை மயில்வாகனம் தர வேண்டுமே. பங்குனி முடியட்டும் என்றான். பங்குனித் திருவிழாக் கச்சேரிக்கு மெட்ராஸிலிருந்து சினிமாவுக்கு ஆள் எடுக்கிறவர் ஒருவர் வருவதாக இருந்தது.

அன்று அவளுக்குப் பட்டுச் சேலை கட்டி, பூ வைத்து, மைக் முன்னால் உட்காரவைத்தான். பாடுகிறவள் இல்லாமல் பாட்டு வந்தால் ஜனம் மிரண்டுவிடும் இல்லையா?

"சும்மா வாய அசை. போதும்," என்றான்.

அவள் மைக்கை நான் அணைத்துவிட்டேன்.

குழாய் பாடியது. அப்படி ஒரு பாட்டை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. கமலாட்சி வாயசைத்தாள். கண்ணில் நீர் வழிந்தது. பக்தி என்று ஜனம் கைகூப்பியது. பாட்டின் கடைசி அடியில் அவள் உடம்பு ஒருமுறை தூக்கிப் போட்டது. கிணற்றில் கடைசி வாளித் தண்ணீரை இழுத்தால் கயிறு உதறுமே, அப்படி.

மெட்ராஸ்காரர் மேடைக்கு வந்தார். மயில்வாகனம் கிதாரோடு எழுந்து நின்றான்.

அவர் அவனைத் தாண்டிப் போனார்.

"அம்மா, திங்கட்கிழமை நீங்க மெட்ராஸ் வர்றீங்க."

"சார், கிதார்..." என்றான் மயில்வாகனம்.

"நல்லா இருக்கு தம்பி. கிதார்காரங்க அங்க தெருவுக்கு நாலு பேர் இருக்காங்க. எனக்கு இந்தக் குரல்தான் வேணும்." அவள் பக்கம் திரும்பினார். "ஒரு வார்த்தை பேசுங்கம்மா. பேச்சுக் குரல் எப்படின்னு பார்க்கறேன்."

கமலாட்சி வாயைத் திறந்தாள்.

ஒன்றுமில்லை. மூச்சுச் சத்தம்கூட இல்லை.

அவர் முகத்தைப் பார்த்தாள், புருஷன் முகத்தைப் பார்த்தாள், சிரித்தாள். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். அந்தச் சிரிப்பிலும் சத்தமில்லை. மெட்ராஸ்காரர் செருப்பைத் தேடிக்கொண்டு இறங்கிவிட்டார்.

மறுநாள் விடிந்ததும் மயில்வாகனம் கிதாரை முற்றத்தில் போட்டுக் கோடாலியால் பிளந்தான். பிளந்தது; சத்தம் வரவில்லை. துண்டு துண்டாக்கினான், வரவில்லை. கோடாலியை எறிந்துவிட்டு, மூச்சு வாங்க, வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்தான்.

அப்போதுதான் வந்தது. சடார், சடார் என்று கட்டை பிளக்கிற சத்தம்.

அவன் நெஞ்சுக்குள்ளிருந்து.

அதற்குப் பிறகு அவன் சொந்தமாக ஒரு வார்த்தை பேசவில்லை. நான்தான் ஆசாரியைக் கூட்டிவந்தேன். அவர் மயில்வாகனத்தின் சட்டையைக் கழற்றி, விரலை மடக்கி, மார்பில் ஒரு தட்டுத் தட்டினார். காதை வைத்தார்.

மூடிய வாய்க்குள்ளிருந்து, தாமதமாக, "ம்ம்ம்..."

"குடி இருக்குது," என்றார் ஆசாரி. "ரெண்டாவது வாட்டியும் நோட்டீஸ் இல்லாம வீட்ட இடிச்சிருக்கான். அது எங்க போவும்?" கமலாட்சியிடம் திரும்பினார். "நோட்டீஸ் குடுக்கட்டுமாமா? ஒரு வாரத்துல ஆம்பளை பொழச்சுக்குவான்."

மயில்வாகனம் அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் விவரிக்கப் போவதில்லை. உங்களுக்குச் சோறு இறங்க வேண்டும். கை இரண்டையும் கூப்பினான்.

அவள் அருகே போய் உட்கார்ந்தாள். ஆசாரியைப் போலவே விரலை மடக்கி அவன் மார்பில் தட்டினாள். காத்திருந்தாள். அவன் வாய் மூடியே இருந்தது. உள்ளேயிருந்து அம்மன் தாலாட்டு வந்தது. அவள் குரல். உச்சிக்குப் போய் நின்றது.

கமலாட்சி கண்ணை மூடிக் கேட்டாள். கேட்டு முடித்துவிட்டு ஆசாரியைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

வேண்டாம்.

அப்படியே வருஷங்கள் போயின. சாயங்காலமானால் அந்த வீட்டில் தட்டுகிற சத்தம் கேட்கும், பிறகு பாட்டு. நல்ல மனைவி, வேளாவேளைக்குச் சோறு ஊட்டினாள். தட்டித் தட்டி அவன் மார்பில் காய்ப்புக் காய்த்துவிட்டது. அவன் போனபோது உள்ளுக்குள் ஒரு எலும்பும் ஒழுங்காக இல்லை என்று குளிப்பாட்டினவர்கள் சொன்னார்கள். பாடையில் ஒரு பக்கம் நான் தோள் கொடுத்தேன். கனத்தது. நெஞ்சில் ஏதோ அடைத்தது. பழகிய மனுஷன், துக்கம் இருக்கத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டேன்.

போன வாரம் அந்த வழியாகப் போனேன். கதவு திறந்திருந்தது. கமலாட்சி வீட்டுக்குள் தட்டிக்கொண்டு நடந்தாள். தூணைத் தட்டினாள், காதை வைத்தாள், இல்லை. சுவரைத் தட்டினாள், இல்லை. தவலையை, உரலை, தறிக்கட்டையை. இல்லை. மூன்றாவது தடவையும் நோட்டீஸ் இல்லாமல் வீடு போய்விட்டது; அது எங்கே போயிருக்கும் என்று தேடுகிறாள்.

என்னைப் பார்த்துவிட்டாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள். கிட்டே வந்தாள்.

பலாப்பழ வாசனை அடித்தது. எங்கிருந்து என்று தெரியவில்லை.

விரலை மடக்கி என் மார்பில் ஒரு தட்டுத் தட்டினாள். காதை வைத்தாள்.

தெருவில் ஒரு சைக்கிள் போயிற்று. மணி அடித்து ஓய்ந்தது.

கமலாட்சியின் முகம் மெல்ல மலர்ந்தது.

நான் வாயைத் திறக்கவில்லை. கர்த்தர் மேல் ஆணை, இறுக மூடிக்கொண்டுதான் நின்றேன்.